எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பாடத்தில் எல்லா வரியையும் அடிக்கோடிடுகிறாள். மையக் கருத்து எது, துணை விவரம் எது என்று அவளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். உங்கள் மகள் செய்வதைத்தான் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் செய்கிறார்கள். எல்லா வரியும் முக்கியமாகத் தெரிகிறது என்றால், அந்த வரிகளுக்குள் என்ன உறவு என்று இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அதைப் பழக்கத்தில் கொண்டுவந்துவிடலாம்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன்:

"தனுஷ்கோடியில் ஒரு காலத்தில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம் எல்லாம் இருந்தன. சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வருபவர்கள் இங்கே இறங்கிக் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயில் கடலலையில் சிக்கி, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சேதமடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிக்குப் போகும் தண்டவாளத்தை மட்டும் மறுபடி போடவில்லை. ஊர் குடியிருக்கத் தகுந்ததல்ல என்று அரசு அறிவித்தது."

"இதில் முக்கியமான விஷயம் என்னப்பா?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ரயில் கடலுக்குள்ள போயிடுச்சு மிஸ்" என்றான். அந்த வரிக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தான்.

மனதை உலுக்கும் வரியை மையக் கருத்து என்று எடுத்துக்கொள்வது பெரியவர்களும் செய்வதுதான். நான் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. "சரி, அதுதான் விஷயம் என்றால் சுங்க அலுவலகத்தை எதற்குச் சொல்ல வேண்டும்? 46 நாள் என்று எதற்குச் சொல்ல வேண்டும்?" என்று மட்டும் கேட்டேன். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே போனான். கொஞ்ச நேரம் கழித்து, "பாலத்தைச் சரிபண்ணிட்டாங்க, ஊரை மட்டும் விட்டுட்டாங்க" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! மீதியை இருவருமாகச் சேர்த்தோம்: 'போக்குவரத்தால் வாழ்ந்த தனுஷ்கோடி, புயலுக்குப் பிறகு அந்த வழி திரும்பாததால் ஊராகவும் மீளவில்லை.'

இந்த வாக்கியம் பத்தியில் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? பல நல்ல பத்திகளில் மையக் கருத்து எழுதப்பட்டிருக்காது, நாம்தான் சொல்லிப் பார்க்க வேண்டும். சொன்னதும் மற்ற வரிகள் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். முதல் இரண்டு வரிகள் ஊர் எதனால் வாழ்ந்தது என்று காட்டுகின்றன. ரயில் வரி, அடி எவ்வளவு பெரியது என்று காட்டுகிறது. அந்தப் பத்தியில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் 46 நாள்தான். அவ்வளவு பெரிய பாலத்தை அத்தனை சீக்கிரம் மீட்டவர்கள் ஊரை மீட்கவில்லை என்பதை அந்த ஒரு எண் சொல்லிவிடுகிறது. துணை விவரம் என்றால் இப்படி வேலை செய்ய வேண்டும்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். "மையக் கருத்து என்ன?" என்று கேட்டால் "தனுஷ்கோடி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அது தலைப்பு. இதற்கு நம் இலக்கணமே கை கொடுக்கிறது. எழுவாயை மட்டும் சொன்னால் தலைப்பு, பயனிலையும் சேர்ந்தால்தான் கருத்து. "தனுஷ்கோடி என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். கருத்தையும் எடுத்துக்காட்டையும் தனித்தனியே பார்ப்பது நமக்குப் பழைய பழக்கம். நூற்பாவுக்குச் சுருக்கமாக எழுதும் காண்டிகை உரைக்கு உரியவை என்று நன்னூல் கருத்து, பதப்பொருள், காட்டு (எடுத்துக்காட்டு) என வரிசையாகச் சொல்கிறது.

முதல் வரிதான் மையக் கருத்து என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். செய்தித்தாளுக்கு அது பெரும்பாலும் சரி, அங்கே சாரத்தை முதலில் வைப்பது வழக்கம். பாடப் பத்தியில் நம்ப முடியாது. 'ஆகவே', 'ஆனால்' என்று வரும் இடத்தில் நின்று படிக்கச் சொல்லுங்கள், மையக் கருத்து அங்கே இருக்கலாம். 'எடுத்துக்காட்டாக' என்று வந்தால் பின்னால் வருவது விவரம்தான்.

உங்கள் மகளிடம் முதலில் பென்சிலை வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு பத்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பள்ளிக்கு வராத தோழிக்குச் சொல்வதுபோல் ஒரே வாக்கியத்தில் உங்களிடம் சொல்லட்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, அந்த வாக்கியத்தை எந்தெந்த வரி தாங்குகிறது என்று தேடட்டும். கோடு போடுவது அதற்குப் பிறகுதான். ஆண்டு, எண், பெயர் எல்லாம் ஒரு மதிப்பெண் கேள்வியில் வரும், அதனால் அவற்றைத் தள்ளிவிட வேண்டாம். நோட்டில் அந்த ஒரு வாக்கியத்தை மேலே எழுதி, அதற்குக் கீழே இவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். சமூக அறிவியல் புத்தகத்திலிருந்து நாளைக்கு ஒரு பத்தி போதும். முதல் வாரம் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அவள் சொல்லும் வாக்கியம் தப்பாக இருந்தால் திருத்தாமல், "அப்படியென்றால் இந்த வரி எதற்கு?" என்று மட்டும் கேளுங்கள்.