வெளிநாட்டில் தனியாக இருக்கும்போது வரும் தனிமையையும் மனச்சோர்வையும் எப்படிச் சமாளித்தீர்கள்?

வந்து பத்து மாதம் ஆகிறது, வேலையில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமை மாலை வந்தாலே பயமாக இருக்கிறது, திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றுகிறது என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த வெள்ளிக்கிழமையை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு அது உறைத்தது ஒரு திங்கட்கிழமை காலையில். அலுவலக வாசலில் நின்ற காவலாளி வணக்கம் சொன்னார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் எழும்பவில்லை, வெறும் கரகரப்புதான் வந்தது. சளி, இருமல் எதுவும் கிடையாது. லிஃப்டில் ஏறும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளி மாலை ஐந்தரைக்கு யாரிடமோ 'வருகிறேன்' என்று சொன்னதுதான் கடைசி. கடையில் பணம் கட்டியதுகூட இயந்திரத்திடம். வீட்டுக்கு 'இந்த வாரம் வேலை அதிகம், அப்புறம் கூப்பிடுகிறேன்' என்று ஒரு குறுஞ்செய்தி தட்டிவிட்டிருந்தேன். வேலை எதுவும் இருக்கவில்லை. மொத்தம் அறுபத்து மூன்று மணி நேரம் நான் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் எல்லோரும் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: 'வெளியே போ, நாலு பேரோடு பழகு.' சரி என்று போனேன். புதிதாக வந்தவர்களுக்கான கூட்டங்கள் மூன்று, நான்கு இருக்கும். கையில் ஒரு கோப்பையோடு ஓரமாக நின்று, ஒரே மூன்று கேள்விக்கு இருபது பேரிடம் பதில் சொல்லிவிட்டு, போனபோது இருந்ததைவிட மோசமாகத் திரும்பி வந்தேன். நம்மிடம்தான் ஏதோ கோளாறு என்று அப்போது முடிவே கட்டிவிட்டேன்.

கோளாறு எங்கே என்பது பிறகு படித்தபோது விளங்கியது. ஜான் கசியோப்போ என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஓர் உளவியலாளர் இருந்தார். தனிமையை ஆராய்வதிலேயே பல ஆண்டுகள் செலவிட்டவர். பசி எப்படிச் சாப்பிடச் சொல்கிறதோ, தாகம் எப்படித் தண்ணீர் கேட்கிறதோ, அப்படித் தனிமை உணர்வும் உடல் எழுப்பும் ஓர் எச்சரிக்கை என்பது அவர் கருத்து. ஆக, அது வருவது பலவீனம் இல்லை. ஆனால் பசிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பசித்தவனுக்குச் சாப்பாட்டைக் கண்டால் சந்தேகம் வராது. நெடுநாள் தனித்துக் கிடந்தவனுக்கு மனிதர்களைக் கண்டால் சந்தேகம் வந்துவிடும். மூளை எந்நேரமும் காவலுக்கு நிற்கும். எதிரே வருபவர் சிரிக்காவிட்டால் 'என்னைப் பிடிக்கவில்லை', பதில் தாமதமானால் 'தவிர்க்கிறார்' என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளும்.

2011-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும், தனிமையைக் குறைப்பதற்காக நடந்த முயற்சிகளை எல்லாம் தொகுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழகும் வாய்ப்பை மட்டும் கூட்டிக் கொடுத்ததைவிட, அடுத்தவர் நம்மை என்ன நினைக்கிறார் என்ற இந்தத் தவறான கணிப்பைத் திருத்திய முயற்சிகளே அதிகப் பலன் தந்திருந்தன. கூட்டங்களுக்குப் போய் நான் வெறுங்கையோடு வந்தது அப்போதுதான் புரிந்தது. நான் போனேன், என் சந்தேகமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. 2018-இல் வேறொரு குழு இதையே வேறு விதமாகக் காட்டியது. முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டுப் பிறகு தனித்தனியாகக் கேட்டபோது, எதிராளிக்குத் தம்மை எவ்வளவு பிடித்தது என்பதைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிட்டார்கள். அதைப் படித்த பிறகு, பேசிவிட்டு வந்ததும் 'உளறிவிட்டோம்' என்று தோன்றினால் அந்தத் தீர்ப்பை ஒரு நாள் தள்ளிப்போடுவது என்று வைத்துக்கொண்டேன். இன்றும் அப்படித்தான்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு சைக்கிள் பட்டறை. சனிக்கிழமை காலை பத்து முதல் ஒன்று வரை, பழைய சைக்கிள்களைப் பழுது பார்த்து இலவசமாகக் கொடுக்கும் தன்னார்வ வேலை. நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். எனக்குப் பஞ்சர் ஒட்டக்கூடத் தெரியாது. முதல் வாரம் கழற்றிய போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டேன், அவ்வளவுதான். அங்கே யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை, கண் செயின் மேலேயே இருக்கும். மொழி தடுமாறினாலும் பாதகமில்லை; கையை நீட்டினால் ஸ்பேனர் வரும். நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து 'பழக வேண்டும்' என்று கட்டாயப்படுத்திக்கொள்ளும் இடத்தைவிட, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து ஒரு வேலை செய்யும் இடம் கூச்சக்காரனுக்கு எவ்வளவோ மேல்.

முதல் நான்கு சனிக்கிழமையும் போகப் பிடிக்கவேயில்லை. ஒன்றில் பேருந்து நிறுத்தம் வரை போய்த் திரும்பிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த மனநல ஆலோசகர் (அவரைப் பற்றிக் கீழே வருகிறேன்) சொன்ன நிபந்தனை உதவியது: 'இருபது நிமிடம் இருங்கள். அதன்பிறகும் பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அதுவும் போனதாகவே கணக்கு.' மனம் சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னதாகச் செய்யத் தொடங்கி மனத்தைப் பின்னால் வரவிடுவது மனச்சோர்வு சிகிச்சையில் நன்கு சோதிக்கப்பட்ட முறையாம். இருபது நிமிடத்தில் நான் ஒருமுறைகூட எழுந்து வந்ததில்லை.

இன்னொரு கணக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், நட்புக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கிட்டு 2018-இல் வெளியிட்டார். அதில் ஒரு பகுதிக்கு அவர் கேட்டது, இடம் மாறி ஆறு மாதத்துக்குள் இருந்த 355 பேரிடம், நம்மைப் போன்றவர்கள்தான். வெறும் அறிமுகம் ஓரளவு நட்பாக மாற ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பர் என்றால் 200-க்கும் மேல். அலுவலகத்தில் சேர்ந்து வேலை செய்த நேரம் இதில் அவ்வளவாகச் சேர்வதில்லை என்பதையும் கவனியுங்கள். என் பட்டறைக்கு வாரம் மூன்று மணி. 50-ஐத் தொடவே பதினேழு வாரம், 200 என்றால் ஒரு வருஷத்துக்கும் மேல். பத்து மாதத்தில் யாரும் கிடைக்கவில்லையே என்று மருகுகிறீர்கள். உங்களிடம் குறை இல்லை, மணிக்கணக்கு இன்னும் சேரவில்லை. அதனால் வாரம் ஒரு புது இடம் என்று அலையாதீர்கள். எவ்வளவு சலிப்பாக இருந்தாலும் ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே நேரம். எனக்கு ஆறாவது வாரம் வர முடியாமல் போனது. ஏழாவது வாரம் போனதும், அதுவரை என்னிடம் பத்து வார்த்தைகூடப் பேசியிராத ஒரு பெரியவர் 'போன வாரம் உன் டப்பாவில் யாரோ போல்ட்டை எல்லாம் கலந்துவிட்டார்கள்' என்று முறையிட்டார். 'உன் டப்பா' என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நம் மொழி பேசுகிறவர்களின் குழுக்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். போங்கள். நினைத்ததை நினைத்த வேகத்தில் பேசுவதே ஒரு ஓய்வு. வம்பும் ஒப்பீடும் இருக்கத்தான் செய்யும், அதற்காக விலக வேண்டாம், அதை மட்டுமே நம்பவும் வேண்டாம்.

வீட்டுக்குப் பேசுவதில்தான் நான் பெரிய தப்புச் செய்தேன். பெரும்பாலான நாட்கள் பேசினேன், பேசும்போதெல்லாம் 'நல்லா இருக்கேன்' என்றேன். அவர்கள் கவலைப்படக் கூடாதாம். விளைவு, என்னை நன்றாகத் தெரிந்தவர்களிடமே நான் வேஷம் போட்டேன். ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973-இலேயே தனிமையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்: மனம்விட்டுப் பேச ஒருவர் இல்லாத தனிமை ஒன்று, சேர்ந்து இருக்க ஒரு கூட்டம் இல்லாத தனிமை மற்றொன்று. ஒன்றுக்கு மற்றது ஈடாகாது. பட்டறை இரண்டாவதைத் தீர்த்தது. முதலாவதற்கு ஆள் ஏற்கெனவே இருந்தாள், நான்தான் அவளிடம் நடித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா ஒருநாள் கேட்டேவிட்டாள்: "டேய், இந்த 'நல்லா இருக்கேன்' எல்லாம் எனக்கு வேண்டாம். பத்துக்கு எத்தனை மார்க்குன்னு மட்டும் சொல்லு." கொஞ்சம் யோசித்து 'மூணு' என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் "சரி, நாளைக்கும் கேப்பேன்" என்றாள். அழ வேண்டியிருக்கவில்லை, விளக்க வேண்டியிருக்கவில்லை, ஒரு எண் போதுமாக இருந்தது. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தால் இந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். உடல் இங்கே, கடிகாரம் அங்கே என்று நான் வாழ்ந்தேன். வீட்டில் எல்லோரும் விழித்திருக்கும் நேரத்துக்காக இரவு இரண்டு மணி வரை முழித்திருந்து, விடுமுறையில் மதியம் எழுந்தால் குளிர்காலத்தில் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். வெளிச்சக் குறைவு சிலரை நேரடியாகவே பாதிக்கும். நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் குழுவினரும் 1984-இல் பருவகால மனச்சோர்வு என்று இதை விவரித்தார்கள். காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கின் முன் உட்காருவது இதற்கான வழக்கமான சிகிச்சை (கண் நோயோ இருமுனை மனநோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது). நான் விளக்கு வாங்கவில்லை. வீட்டுக்குப் பேசுவதைக் காலைக்கு மாற்றி, வெளியே நடந்துகொண்டே பேசினேன். ஒரே வேலையில் வெளிச்சம், நடை, பேச்சு மூன்றும் முடிந்தன.

இனி அந்த ஆலோசகர் விஷயம். இதுவரை சொன்னது தனிமைக்கு. மனச்சோர்வு நோய் வேறு, இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துவிடும். பிடித்த எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுவது, தன் மேலேயே வெறுப்பு என்று இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நான் முதல் முறை போய் 'களைப்பாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். 'மனசு பாரமாக இருக்கிறது' என்பதை அந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவரும் இரும்புச்சத்து, தைராய்டு பார்த்தார். அது வீண் இல்லை, அவையும் இப்படிச் சோர்வு தரும். இரண்டாம் முறை தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எத்தனை நாளாக, எத்தனை மணி நேரத் தூக்கம், எதையெல்லாம் விட்டுவிட்டேன். அவர் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் கொடுத்தார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது, மொத்தம் 27 மதிப்பெண், 10-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். எனக்கு 14. அங்கிருந்துதான் ஆலோசகரிடம் அனுப்பினார்கள். பல பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் இலவச ஆலோசனை உண்டு, விசாரியுங்கள். அந்நிய மொழியில் மனத்தைத் திறக்க முடியாவிட்டால் தமிழ் பேசும் ஆலோசகரை இணையவழியில் தேடலாம்.

அந்தப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பது. உங்களுக்கு அது 'ஆம்' என்றால் மேலே சொன்ன எதையும் முயன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், நீங்கள் இருக்கும் நாட்டின் அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

திரும்பிப் போவது பற்றி: போவது தோல்வி இல்லை. ஆனால் மனம் அடிமட்டத்தில் இருக்கும்போது எடுக்க வேண்டிய முடிவும் இல்லை. ஸ்வெரே லிஸ்கோர் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவில் தங்கிவந்த நார்வேக்காரர்களிடம் பேசி 1955-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு முதல் பதினெட்டு மாதம் வரை இருந்தவர்களே மற்றவர்களைவிடச் சிரமப்பட்டதாகக் கண்டார். பிந்தைய ஆய்வுகள் எல்லாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை, எல்லோருக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. நான் செய்தது, ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியை நாட்காட்டியில் குறித்து, அதுவரை அந்தக் கேள்வியைத் தொடுவதில்லை என்று அக்காவிடம் சொல்லிவைத்தது. தேதி வந்தது, இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்று தோன்றியது. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.

நேற்றும் அக்கா மார்க் கேட்டாள். ஏழு என்றேன். "போன வாரமும் ஏழுதானே, பாத்து எழுதுறியா?" என்றாள்.