பொரிக்காத காடை முட்டையை உடைத்துப் பாருங்கள்

கேள்வி: துறையூர் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் பெரிய கூண்டு இருக்கிறது. அதன் தரையில் 8 பெட்டைக் காடையும் 5 ஆண் காடையும் விட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே பண்ணையில் ஒரே நாளில் வாங்கியவை. பத்து நாள் சேர்த்த 48 முட்டைகளை, மின்விசிறி இல்லாத தெர்மோகோல் இன்குபேட்டரில் 37.5 டிகிரியில் வைத்தேன். 14 தான் பொரித்தன. ஐந்து நாளுக்குள் 9 குஞ்சுகள் செத்துவிட்டன, இரண்டுக்குக் கால் விரிந்து நிற்க முடியவில்லை. எங்கே தவறு? பேசாமல் கோழியிடம் அடை வைத்துவிடலாமா?

பதில்: அடுத்த ஈட்டில் 19 நாள் கடந்தும் பொரிக்காத முட்டைகளை வீசிவிடாதீர்கள். அகன்ற முனையில் தட்டி ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். உள்ளே எதுவுமே வளராமல் மஞ்சள் கரு தெளிவாக இருந்தால் அது கருவுறாத கூமுட்டை, குறை ஆண்-பெட்டை ஜோடியில். மெல்லிய இரத்த வளையம் தெரிந்தால் முதல் சில நாளிலேயே கரு இறந்திருக்கிறது. முட்டையைச் சேமித்த விதமோ தொடக்க நாள் சூடோ சரியில்லை. இறகு முளைத்த முழுக் குஞ்சு இறந்து கிடந்தால் கடைசி நாள்களின் சூடு, ஈரப்பதம், திருப்புதல் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் எந்த இன்குபேட்டரையும் குறை சொல்ல முடியாது.

உங்கள் கணக்கைப் பார்த்தால் சிக்கல் ஜோடியிலேயே தொடங்குகிறது. 8 பெட்டைக்கு 3 ஆண் போதும். 5 ஆண் இருந்தால் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டே இருக்கும், எதுவும் ஒழுங்காக இணையாது. பெட்டைகளின் முதுகிலும் பிடரியிலும் இறகு உதிர்ந்திருக்கிறதா பாருங்கள், அதுதான் அடையாளம். ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கியவை என்றால் அவற்றில் பாதி, உடன்பிறப்புகளாகக்கூட இருக்கலாம். இரத்த உறவுக்குள் இணைந்தால் காடையில் பொரிதிறன் வேகமாக விழும். பெட்டைகளை வைத்துக்கொண்டு ஆண்களை மட்டும் வேறு பண்ணையிலிருந்து வாங்குங்கள். புது ஆணை விட்டு நான்கு நாள் கழித்து எடுக்கும் முட்டைகளை அடைக்கு வையுங்கள். தாய்ப் பறவைகளின் வயது 8 முதல் 30 வாரத்துக்குள் இருக்கட்டும். தீவனத்தில் புரதம் சுமார் 20 சதவீதம் வேண்டும், தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூளும் வையுங்கள். கம்பும் குருணையும் மட்டும் தின்னும் பெட்டை முட்டையிடும், ஆனால் அந்த முட்டைக்குள் குஞ்சு வளரச் சத்து இருக்காது.

காடை பெரும்பாலும் மாலை 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் முட்டையிடும். கோழிக்குச் செய்வதுபோல் காலையில் எடுக்கப் போனால் முட்டை இரவு முழுக்க எச்சத்தில் கிடந்திருக்கும். இருட்டுமுன் எடுத்துவிடுங்கள். அழுக்கானதைக் கழுவி அடைக்கு வைக்க வேண்டாம், சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் சேர்த்தது அதிகம். 15 முதல் 18 டிகிரியில் வைத்தாலே ஏழு நாள்தான் தாங்கும். உங்கள் ஊர் சித்திரை வெயிலில் அறைச் சூடே 35ஐத் தாண்டும்போது கரு அரைகுறையாக வளரத் தொடங்கி நின்று போகும். ஃபிரிட்ஜின் 4 டிகிரி குளிரும் ஆகாது. வீட்டின் குளிர்ந்த மூலையில் ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், கூர்முனை கீழே வரும்படி உலர்ந்த அட்டையில் அடுக்கி, கோடையில் மூன்று நாளுக்குள் அடை வைத்துவிடுங்கள்.

அடுத்து அந்த 37.5 டிகிரி. விசிறி உள்ள பெட்டிக்குத்தான் அது சரியான சூடு. விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடாகவும் கீழே ஆறியும் இருக்கும். வெப்பமானியின் நுனி முட்டையின் மேற்புற மட்டத்தில் இருக்க வேண்டும், அங்கே 38.3 முதல் 38.6 வரை காட்ட வேண்டும். உங்கள் குஞ்சுகள் 17, 18ஆம் நாளைத் தாண்டி இழுத்து இழுத்து வந்திருந்தால் சூடு குறைவாக இருந்திருக்கலாம். 16ஆம் நாளே அவசரமாக வந்திருந்தால் சூடு அதிகம். கருவியையும் நம்பிவிடாதீர்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அதையும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள். அரை டிகிரி வித்தியாசமே ஒரு ஈட்டைக் கெடுக்கும்.

ஈரப்பதம் முதல் 14 நாள் 55 முதல் 60 சதவீதம். நீரை அதிகம் வைத்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, முட்டை தன் நீரில் ஒரு பங்கை இழக்க வேண்டும். சமையலறைத் தராசு போதும்: வைக்கும்போது 10 முட்டை 110 கிராம் இருந்தால் 14ஆம் நாள் 97 கிராம் அளவில் இருக்க வேண்டும். அதைவிட எடை கூடுதலாக இருந்தால் நீர்த்தட்டைச் சிறிதாக்குங்கள், குறைந்திருந்தால் பெரிதாக்குங்கள். பென்சிலால் ஒருபக்கம் பெருக்கல் குறி போட்டு, நாளுக்கு ஐந்து தடவை திருப்புங்கள். 14ஆம் நாளோடு திருப்புதலை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70க்கு ஏற்றி, மூடியைத் தொடாமல் விடுங்கள். ஓடு உடைந்தபின் குஞ்சை இழுத்து உதவி செய்யும் ஆசை வரும், வேண்டாம். இரத்தக் குழாய் அறுந்தால் அங்கேயே இறந்துவிடும். பொரித்த குஞ்சு மஞ்சள் கருவின் மிச்சத்தை உள்ளே வைத்திருக்கும், இறகு உலரும் வரை ஒரு நாள் பெட்டியிலேயே இருக்கலாம்.

ஐந்து நாளில் 9 குஞ்சு போனது நோய்போலத் தெரியவில்லை. பிறந்த காடைக் குஞ்சு 7, 8 கிராம்தான், கட்டைவிரல் நுனியளவு. அதன் உடம்பில் சூடு தங்காது. ஒன்றரை அடி அகல அட்டைப் பெட்டியில் தரைமட்டச் சூடு முதல் வாரம் 36 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே போங்கள். எல்.இ.டி. பல்பு சூடு தராது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். ஒரு பல்பை மட்டும் நம்பினால் அது எரிந்துபோகும் இரவில் எல்லாம் போய்விடும், ஆகவே 40 வாட்டில் இரண்டு மாட்டுங்கள். பல்பை ஒரு ஓரத்தில் தொங்கவிடுங்கள், அப்போது குஞ்சு தானே இடம் பார்த்துக்கொள்ளும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர், அலகைத் திறந்து மூச்சிரைத்து ஓரத்தில் ஒதுங்கினால் சூடு அதிகம், பரவிப் படுத்து அமைதியாக இருந்தால் சரி.

தண்ணீர்க் கிண்ணத்தில் மூழ்குவது இன்னொரு பெரிய காரணம். முதல் வாரம் சோடா பாட்டில் மூடியில் கோலிக்குண்டு நிரப்பி, இடுக்கில் மட்டும் நீர் நிற்கச் செய்யுங்கள். கால் விரிந்தது பெரும்பாலும் குஞ்சுகளுக்கு அடியில் விரிக்கும் செய்தித்தாளால்தான். வழுவழுப்பில் முதல் இரண்டு நாள் சறுக்கிய கால் பிறகு ஒன்றுசேராது. சாக்குத்துணியோ நெளிவு அட்டையோ விரியுங்கள். பாதிக்கப்பட்ட இரண்டுக்கும் முதல் நாளிலேயே இரு காலையும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் மென்பஞ்சு நாடாவால் கட்டியிருந்தால் சரியாகியிருக்கும். இப்போது வாய்ப்பு குறைவு.

குஞ்சுகளின் தீவனத்தில் 25 சதவீதம் புரதம் வேண்டும். கடையில் கிடைக்கும் பிராய்லர் பிரீ-ஸ்டார்ட்டரில், அதாவது கறிக்கோழிக் குஞ்சின் முதல் தீவனத்தில், 22 அல்லது 23 இருக்கும். அதை மிக்ஸியில் ரவையாக அடித்து, 900 கிராமுக்கு 100 கிராம் சோயாப் புண்ணாக்குத் தூள் கலந்தால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குத் தராதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கோழி விஷயம்: வீட்டில் வளரும் ஜப்பானியக் காடை பெரும்பாலும் அடை உட்காராது, எனவே வேறு தாய் வேண்டும் என்பது சரி. ஆனால் கனத்த நாட்டுக்கோழியின் கால் பட்டு மெல்லிய ஓடு நொறுங்கும். சின்னக் குட்டைக்கோழி கிடைத்தால் 12 முட்டை வைக்கலாம். பொரித்தவுடன் குஞ்சுகளை எடுத்துவிடுங்கள், மிதி தாங்காது.

கடைசியாக அந்தக் கூண்டு. லவ் பேர்ட்ஸின் எச்சம் காடையின் தீனியிலும் நீரிலும் விழுகிறது, நோய் பரவும் வழி அதுதான். உட்காரும் குச்சிகளுக்கு அடியில் காடைத் தீனியை வைக்காமல், அந்த இடத்துக்குமேல் சாய்வாகத் தகடு வையுங்கள். காடை பயந்தால் நேர்மேலே எம்பும், மண்டை இடித்துச் சாகும். கூரைக்குக் கீழே தளர்வாக நைலான் வலை கட்டுங்கள். குஞ்சுகளை நான்கு வாரம் கழித்து, இறகு நிறைந்தபின்தான் அங்கே விட வேண்டும். அதற்குமுன் மூன்றாம் வாரமே மார்பைப் பாருங்கள்: செம்பழுப்பாக இருந்தால் ஆண், கரும்புள்ளி தெளித்திருந்தால் பெட்டை. மிகுதி ஆண்களை அப்போதே பிரித்துவிடுங்கள்.