எத்தனுக்கு எத்தன் எபிசோடு: கேளுங்க, சொல்றேன்

காமெடி சீரிஸுக்கு எபிசோடு எழுதற டீம்ல பதினோரு வருஷமா இருக்கேன். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒருத்தர் நல்லா ஏமாந்து போய் அப்புறம் அந்த ஏமாத்துக்காரனையே மடக்கற எபிசோடு. இது பத்தி நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, இன்னைக்கு உக்காந்து முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்லிடறேன்.

கேள்வி: அக்கா, எந்த சிட்காம் எடுத்தாலும் இப்படி ஒரு எபிசோடு வந்துருது. கதை பஞ்சமா?

பஞ்சம் இல்ல தம்பி, வசதி. சிட்காம்ல நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச அஞ்சாறு பேர், ஒரு வீடு இல்ல ஒரு கடை, அவ்வளவுதான். புதுசா ஒருத்தன் உள்ள வந்து அதுல ஒருத்தர் தலையில மிளகா அரைச்சுட்டுப் போயிட்டான்னா, அதுவரைக்கும் ஒருத்தர ஒருத்தர் கலாய்ச்சிட்டு இருந்த கும்பல் ஒரே நிமிஷத்துல ஒண்ணாயிரும். இவங்களுக்குள்ள எவ்வளவு பாசம்னு வசனமே இல்லாம காட்டிடலாம். எனக்கு அந்த ஒண்ணு சேர்ற இடம்தான் முக்கியம், பழி வாங்கறது அதுக்கு அப்புறம்தான்.

கேள்வி: ஒரே ஒரு எபிசோடு பார்த்துக் கத்துக்கணும்னா எது?

ஒரு பார்ல நடக்கற அமெரிக்க சிட்காம் 'சியர்ஸ்', அதோட முதல் சீசன்ல 1983ல வந்த 'பிக் எ கான், எனி கான்'. பார்ல வேலை பாக்கற வயசானவர், எல்லாரும் கோச்னு கூப்பிடுவாங்க, யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனுஷன், அவர் ஒருத்தன் கூட சீட்டாடி ஆடி பணத்தை விட்டுட்டே இருக்கார், அவன் கள்ள ஆட்டம் ஆடறான்னு இவருக்குத் தோணவே இல்ல. விஷயம் தெரிஞ்சதும் மத்தவங்க என்ன பண்றாங்கன்னா, ஏற்கனவே அந்த பார்ல எல்லாருக்கும் நாமம் போட்டுட்டுத் திரியற ஹாரினு இன்னொரு எத்தனைக் கூட்டிட்டு வந்து இவனுக்கு எதிரா உக்கார வைக்கறாங்க. முள்ளை முள்ளால எடுக்கறது. நடுவுல ஒரு கட்டத்துல ஹாரி நம்ம ஆளுங்களையே வித்துட்டான்னு தோணும், வயிறு கலங்கும், பாருங்க, அந்த இடத்துக்காகவே பாக்கலாம். ஹாரியா நடிச்ச ஹாரி ஆண்டர்சன் நிஜமாவே மேஜிக்காரர், தெருவுல வித்தை காட்டிப் பொழைச்சவர், அதனால சீட்டு அவர் கையில இருக்கும்போது நடிப்பு மாதிரியே இருக்காது.

கேள்வி: திட்டத்தை ஆடியன்ஸுக்கு முன்னாடியே சொல்லிடணுமா, கடைசி வரைக்கும் மறைக்கணுமா?

இதுக்கு எழுதறவங்க கையில பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. திட்டத்தை டேபிள் சுத்தி உக்காந்து முழுசா விளக்கிட்டாங்கன்னா அது சொதப்பணும், விளக்கலைன்னா அது ஜெயிக்கணும். சொன்னதே அப்படியே நடந்தா பாக்கறவங்களுக்கு ஒரே விஷயத்தை ரெண்டு தடவ பாத்த சலிப்பு வந்துரும். நான் பாதி சொல்லுவேன், சொன்ன பாதி சொதப்பும், எல்லாரும் முழிப்பாங்க, சொல்லாத பாதி அப்புறம் வந்து காப்பாத்தும். ஆனா மறைச்சதுக்கு சின்னதா ஒரு தடயம் முன்னாடியே காட்டியிருக்கணும். காட்டாம கடைசியில வந்து "இது எல்லாமே எங்க ப்ளான்"னு சொன்னா அது ஆடியன்ஸ் காதுல பூ சுத்தறது.

கேள்வி: நான் எழுதற ஸ்கிரிப்ட்ல ஏமாறற கேரக்டர் வெறும் முட்டாளா தெரியறார் அக்கா. எப்படி சரி பண்றது?

இந்தக் கேள்விக்குத்தான் காத்துட்டு இருந்தேன். தயவுசெஞ்சு யாரையும் முட்டாள்தனத்தால ஏமாற வைக்காதீங்க. அவங்ககிட்ட இருக்கற ஒரு நல்ல குணத்தால ஏமாற வைங்க. 1849ல நியூயார்க்ல வில்லியம் தாம்சன்னு ஒருத்தனைப் புடிச்சாங்க, அவன் பண்ணது இவ்வளவுதான், நல்லா டிரஸ் பண்ணிட்டு தெருவுல போற வசதியான ஆளுங்ககிட்ட பழகின மாதிரி பேச்சுக் குடுப்பான், கொஞ்ச நேரம் கழிச்சு, நாளைக்கு வரைக்கும் உங்க கடிகாரத்தை என்கிட்ட குடுத்து வைக்கற அளவுக்கு என் மேல நம்பிக்கை இருக்கானு கேப்பான். குடுத்தாங்க! குடுத்தவங்க யாரும் அறிவில்லாதவங்க இல்ல, மூஞ்சிக்கு நேரா "உன் மேல நம்பிக்கை இல்ல"னு சொல்லக் கூச்சப்பட்டவங்க. இந்த மாதிரி ஆளுங்களுக்கு இங்கிலீஷ்ல இருக்கற பேர், கான்ஃபிடன்ஸ் மேன், அவன் கேஸ் பேப்பர்ல வந்தப்பதான் பரவுச்சு, இன்னைக்கு நாம 'கான்'னு சுருக்கிச் சொல்றது அதைத்தான். அதனால உங்க கேரக்டரோட எந்த நல்ல குணத்துல அவன் கைவைக்கறான்னு முதல்ல முடிவு பண்ணுங்க, கூச்சமா, இரக்கமா, யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுங்கற ரோஷமா.

எங்க எபிசோடுல நடந்த ஒண்ணு சொல்றேன். ஒரு பெரியம்மா கேரக்டர். ரோட்ல கெடந்த பணக்கட்டுன்னு ஒருத்தன் காட்டுவான், பங்கு போட்டுக்கலாம், ஆனா உங்க மேல நம்பிக்கை வரணும்ல, உங்க பணத்தையும் இதோட சேத்து வைங்கம்பான், கைக்குட்டையில முடிஞ்சு அவங்ககிட்டயே குடுப்பான், குடுக்கற கைதான் மாத்திரும். உலகம் பூரா நடக்கற பழைய வித்தை இது. வீட்டுக்கு வந்து முடிச்சை அவுத்தா உள்ள நியூஸ் பேப்பர் துண்டு. ஸ்கிரிப்ட்ல நான் எழுதினது "ஐயோ"னு கத்தி மயங்கி விழறது. ரிகர்சல்ல அந்த நடிகை கத்தல. ஒவ்வொரு பேப்பர் துண்டையும் எடுத்து உள்ளங்கையால நீவி, ஓரத்தோட ஓரம் சேத்து அடுக்கி, மறுபடி அதே கைக்குட்டையில வச்சு அதே மாதிரி முடிஞ்சு மடியில வச்சுக்கிட்டாங்க. செட்ல மூச்சு விடற சத்தம்கூட இல்ல. அடுத்த சீன் ஒரு சாதாரண ஜோக்தான், ஆனா எல்லாரும் அப்படி சிரிச்சாங்க, ஏன்னா எல்லாருமே அந்தம்மா பக்கம் போயாச்சு. எழுதின மயக்கத்தை அன்னைக்கே அடிச்சுட்டேன்.

கேள்வி: வித்தைக்கு எங்க இருந்து ஐடியா எடுக்கறீங்க? புதுசா கண்டுபிடிக்கணுமா?

வேண்டாம், பழசே போதும். புதுசா சிக்கலா ஒண்ணு கண்டுபிடிச்சா அதை விளக்கறதுலயே நேரம் போயிரும். முதல்ல சின்னதா ஜெயிக்க விடறதுங்கறது மட்டும் மறந்துராதீங்க. 1920ல பாஸ்டன்ல சார்லஸ் பொன்சி, 45 நாள்ல 50 சதவீதம் லாபம்னு சொல்லிப் பணம் வாங்கினார், முதல்ல போட்டவங்களுக்கு நிஜமாவே குடுத்தார், பின்னாடி வந்தவங்க பணத்தை எடுத்துத்தான் குடுத்தார். வாங்கினவங்க ஊரெல்லாம் போய் சொன்னாங்க, அதுக்கு மேல விளம்பரம் எதுக்கு. உங்க எபிசோடுலயும் முதல் சீன்ல ஹீரோ கையில கொஞ்சம் லாபம் வரட்டும், அவர் அதுல எல்லாருக்கும் ஏதாவது வாங்கிக் குடுக்கட்டும், அப்புறம் விழறப்ப அந்தப் பரிசெல்லாம் வீட்டுல கண்ணு முன்னாடி இருக்கும் பாருங்க, அது வலிக்கும்.

கேள்வி: அரை மணி நேரத்துல இவ்வளவும் எப்படி அடங்கும்?

அரை மணி நேரமே இல்ல, விளம்பரம் போக 22 நிமிஷம் மாதிரிதான். ஏமாறற வேலை எட்டு நிமிஷத்துல முடிஞ்சிரணும். தெரிய வர்றதும் வெக்கப்படறதும் மறைக்கறதும் ஒரு நாலு நிமிஷம். மிச்சம் பூரா திருப்பி அடிக்கறது. பக்கத்துல ஓடற ரெண்டாவது கதையை ரொம்ப லேசா வச்சுக்கோங்க, முடிஞ்சா அதுல வர்ற ஒரு பொருள் கடைசியில திட்டத்துக்கு உதவட்டும்.

பெரிய வித்தைன்னா இடம் பத்தாது, அதுவும் உண்மை. ஜான் சல்லிவன் எழுதின பிரிட்டிஷ் சிட்காம் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்', அதோட 1989 சீசன்ல எபிசோடு 50 நிமிஷமா நீண்டுச்சு, அதுலதான் 'செயின் கேங்' வந்தது. தங்கச் சங்கிலி விக்கறேன்னு வந்த வயசான ஆளு ரெஸ்டாரண்ட்ல நெஞ்சைப் புடிச்சுட்டு சாய்வார், ஆம்புலன்ஸ் வரும், சங்கிலி வாங்க ஹீரோவும் அவர் கூட்டாளிங்களும் சேந்து போட்ட பணமும் அதோட போயிரும். அப்புறம் அதே ஆளு வேற ஒரு ரெஸ்டாரண்ட்ல அதே மாதிரி சாயறப்ப வர்ற ஆம்புலன்ஸ் நம்ம ஆளுங்களோடது. அவன் கண்ணைத் தெறந்து யாரு கூட்டிட்டுப் போறாங்கன்னு பாக்கற நொடி இருக்கே, நான் எத்தனையோ தடவ பாத்துட்டேன், இன்னும் கை தட்டறேன்.

கேள்வி: பழி வாங்கறதுக்கு அளவு உண்டா? என் ப்ரெண்டு, வில்லனை நடுத்தெருவுல நிக்க வைக்கணும்ங்கறான்.

உண்டு. போனது எவ்வளவோ அவ்வளவுதான் திரும்ப வரணும். அதுக்கு மேல எடுத்தா நம்மாளும் எத்தன் ஆயிருவார், பாக்கறவங்க மனசு சட்டுனு விலகும். அதோட அவனை மடக்கறது அவன் வித்தையாலயும் அவன் பேராசையாலயும் இருக்கணும், அடிதடி வந்துச்சுன்னா காமெடி செத்துரும்.

ரொம்பப் பெருசாவும் போகாதீங்க. 'சிம்ப்ஸன்ஸ்' 2000த்துல 'தி கிரேட் மணி கேப்பர்'னு ஒரு எபிசோடு, அப்பனும் மகனும் ஊரையே ஏமாத்துவாங்க, கடைசியில ஊரே சேந்து பொய்யா ஒரு கோர்ட்டு நடத்தி அவங்களுக்குப் பாடம் புகட்டும். கார்ட்டூன்ல அது நிக்குது. ஆறு பேர் இருக்கற வீட்டுக் கதையில ஊர் முழுக்க நடிச்சுச்சுன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஃபோன் பண்ணி குரல் மாத்திப் பேச ஒருத்தர், வாசல்ல நிக்க ஒருத்தர், போதும்.

கேள்வி: இப்ப எல்லாம் ஆன்லைன்தானே அக்கா, லிங்க், ஓடிபி. முகமே இல்லாதவனை எப்படி சீன்ல மடக்கறது?

கஷ்டம்தான், ஸ்க்ரீனைப் பாத்துட்டு உக்காந்திருக்கற ஆளை வச்சு எவ்வளவு சிரிக்க வைக்க முடியும். குரலைப் புடிங்க. அவன் சாமர்த்தியமே அவசரப்படுத்தறதுல இருக்கு, இப்பவே பண்ணுங்க, போனை வைக்காதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு. நம்மாளு அவசரமே படாத ஆளா இருந்தா? கண்ணாடி தேடறார், பேனா எழுதல, நம்பரை ஒண்ணொண்ணா திருப்பிச் சொல்றார், மூணாவது நம்பர் என்ன சொன்னீங்கங்கறார். அவன் நேரத்தைத்தான் இவர் எடுத்துக்கறார். ஆனா இதை எபிசோடுல மட்டும் வைங்க. ஏன்னு அடுத்த கேள்வியில இருக்கு.

கேள்வி: எங்க அம்மா போன வாரம் ஃபோன்ல ஒருத்தன்கிட்ட ஏமாந்துட்டாங்க. சீரிஸ்ல வர்ற மாதிரி அவனைத் திருப்பி மடக்க ஏதாவது வழி சொல்லுங்களேன், அம்மா சாப்பிடவே மாட்டேங்கறாங்க.

வேண்டாம் மா. நான் எழுதறதை நீங்க செய்யாதீங்க. அவன் தனி ஆளு இல்ல, பின்னாடி கும்பல் இருக்கலாம், உங்க நம்பரும் விவரமும் அவன் கையில இருக்கு. இதுவரைக்கும் பேங்குக்கு சொல்லலைன்னா இந்த நிமிஷமே சொல்லுங்க, பணம் கை மாறிக்கிட்டே போகும், அதனால ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. போலீஸ்ல புகார் குடுங்க, மெசேஜ், நம்பர், பணம் போன ரசீது எதையும் அழிக்காதீங்க, பாஸ்வேர்டெல்லாம் மாத்திருங்க. இன்னொண்ணு, போன பணத்தை மீட்டுத் தர்றோம், முன்கூட்டி கொஞ்சம் ஃபீஸ் கட்டுங்கன்னு யாராவது வருவாங்க, ஏமாந்தவங்க லிஸ்டை வச்சே அடுத்த ஏமாத்து நடக்குது, அதுல விழுந்துராதீங்க.

அம்மாகிட்ட "ஏன் குடுத்தே"னு மட்டும் யாரும் கேக்க வேண்டாம். பக்கத்துல உக்காந்து, அவன் என்ன சொன்னான்னு முதல்ல இருந்து சொல்லச் சொல்லுங்க, குறுக்க பேசாம கேளுங்க. அவங்க வாயால சொல்லச் சொல்ல, எந்த இடத்துல அவன் புடிச்சான்னு அவங்களுக்கே தெரியும், அது அவங்க தப்பில்லன்னும் தெரியும். சாப்பாடு தானா உள்ள போகும். ரெண்டு நாள் கழிச்சு எப்படி இருக்காங்கன்னு எனக்கு சொல்லுங்க, நெஜமாவே சொல்லுங்க.

கேள்வி: அந்தப் பெரியம்மா எபிசோடு எப்படி முடிஞ்சது?

பேத்தி அவனைக் கண்டுபிடிச்சா. பெரியம்மா வேற புடவை, வேற கண்ணாடி, வேற தெரு, இன்னொரு தடவ அவன் முன்னாடி போய் நின்னாங்க, அவனுக்கு அடையாளம் தெரியல, அவன் யார் முகத்தையும் பாக்கறவன் இல்ல. இந்த தடவ நம்பிக்கை வரட்டும்னு அவனையும் நிஜப் பணம் வைக்கச் சொன்னாங்க, வச்சான். முடிச்சு போட்டுக் குடுத்தது பெரியம்மா கை, மாத்துனதும் அதே கைதான். "வீட்டுக்குப் போற வரைக்கும் அவுக்காதீங்க"ங்கறது அவன் தொழில் வசனம், அதை இவங்க அவன்கிட்ட சொன்னாங்க, எதிர்ல நின்னு அவனால அவுக்க முடியல.

பணம் இவங்க இழந்ததை விட கொஞ்சம் அதிகமா இருந்துச்சு. முதல் டிராஃப்ட்ல அதையும் அவங்களே வச்சுக்கற மாதிரி எழுதியிருந்தேன், மனசு ஒப்பல, அவன்கிட்ட ஏமாந்த இன்னொரு வீட்டு வாசல்ல பேத்தி கொண்டு போய் வைக்கற மாதிரி மாத்தினேன். கடைசி ஷாட் அவன் ரூம். முடிச்சை அவுக்கறான். உள்ள நியூஸ் பேப்பர் துண்டு, நல்லா நீவி, ஓரத்தோட ஓரம் அடுக்கினது.