பெரியவர்களுக்கு மாயக்கதை எங்கே கிடைக்கும்? - கேள்வி பதில்

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் எங்கள் வாசகர் கூட்டத்தில் மாயக்கதைகளைப் பற்றிப் பேசினேன். முடிந்ததும் சீட்டில் எழுதிய கேள்விகள் குவிந்துவிட்டன. நேரம் போதவில்லை. முப்பது வருஷம் நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்துப் பழகிய கை, கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது. அதனால் வீட்டுக்கு எடுத்துவந்து பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, அம்புலிமாமா படித்து வளர்ந்தவள் நான். இப்போது வயது 41. அதே மாதிரி மந்திரமும் மாயமும் உள்ள நாவல் வேண்டும், ஆனால் பெரியவர்களுக்காக எழுதியதாக. கடையில் கேட்டால் குழந்தைகள் அலமாரியைக் காட்டுகிறார்கள். (மேலப்பாளையம் வாசகி)

காட்டியவர் மேல் தப்பில்லை அம்மா. பெரியவர்களுக்கான மாயக்கதை என்று தனி அலமாரி வைத்திருக்கும் தமிழ்ப் புத்தகக் கடையை நான் பார்த்ததில்லை. புத்தகங்கள் இருக்கின்றன, வேறு பெயர்களுக்குள் கலந்து கிடக்கின்றன. நாட்டார் வழக்காற்றியல், அதாவது ஊர்மக்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த கதை, பாட்டு என்று எழுதிய தட்டில் பாதி. இலக்கிய நாவல்களுக்குள் கொஞ்சம், காப்பியங்களில் கொஞ்சம், மீதி மொழிபெயர்ப்பில். இணையத்தில் தேடினால் 'மிகுபுனைவு', 'மாய யதார்த்தம்' என்று போட்டுப் பாருங்கள். 'தேவதைக் கதை' என்று போட்டால் பெரும்பாலும் படம் போட்ட சின்னப் புத்தகங்கள்தான் வரும்.

முதலில் கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தை எடுங்கள். 1976-இல் வந்தது. அதில் 137 வயதுப் பாட்டி ஒருத்தி, தன் கூட்டம் தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்வாள். பின்னால் துரத்துகிறவர்கள், முன்னால் ஆறு. கரையில் நின்ற மரம் வளைந்து கொடுத்து அவர்களை அக்கரையில் சேர்க்கிறது. பாட்டி அதை நேற்று நடந்ததுபோலச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவாள். கேட்கிறவர்களும் மறுத்துப் பேசுவதில்லை. அந்த இடத்தில் உங்களுக்கு உடம்பு சிலிர்த்தால், நீங்கள் தேடுகிற சாமான் அதுதான்.

தேவதைக் கதைகள் குழந்தைகளுக்கு உரியவை தானே? பெரியவர்கள் படிக்க அதில் என்ன இருக்கிறது? (தென்காசி ஆசிரியர்)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும் சார். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் போட்ட கதைத் தொகுப்பின் முதல் பதிப்பில், கோபுரத்தில் அடைபட்ட ரபுன்சலின் உடுப்பு இறுக்கமாகிப்போகும். அவள் கர்ப்பம் என்பது அதில்தான் தெரியவரும். பிந்தைய பதிப்புகளில் அதை எடுத்துவிட்டார்கள். பனிவெண்மகளை (ஸ்னோ ஒயிட்) கொல்லச் சொன்னது முதலில் பெற்ற தாய். பிறகுதான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். அதாவது, பெரியவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதையைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்காகக் கழுவித் துடைத்தார்கள்.

நம் பக்கமும் அப்படித்தான். வேலை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்கள் பேசிய கதைகள் ஏராளம். கி.ரா. அவற்றை ஒதுக்காமல் சேகரித்து, 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தலைப்பே வைத்துப் புத்தகமாக்கினார். கழனியூரனோடு சேர்ந்து 'மறைவாய் சொன்ன கதைகள்' கொண்டுவந்தார். இடைசெவல்காரர் அவர். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை அந்த ஊர் நம் திருநெல்வேலி மாவட்டம்தான். மாயமும் காமமும் பசியும் அந்தக் கதைகளில் ஒரே பானையில் வேகும். வகுப்பில் வாசிக்காதீர்கள், வீட்டில் வாசியுங்கள்.

விஷ்ணுபுரம் வாங்கி நூறு பக்கத்தோடு நின்றுவிட்டது. எனக்குச் சரிப்படாதா? (திருச்செந்தூர் வாசகர்)

சரிப்படும். எண்ணூறு பக்கத்துக்கு மேல் போகும் நாவல், 1997-இல் வந்தது. ஜெயமோகன் அதில் காலத்தை நேராக அடுக்கவில்லை. முதல் பகுதியில் வருவது நடுக்காலம். இரண்டாம் பகுதி அதற்கும் முந்தியது. மூன்றாவதில் அந்த ஊர் அழிகிறது. முதல் பகுதியில் சிலையாகவும் புராணமாகவும் நிற்கிறவர்கள் இரண்டாம் பகுதியில் சாதாரண மனிதர்களாக நடமாடுவார்கள். இது தெரியாமல் போனால் வழி தப்பும். ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டே படியுங்கள். முதல் வாசிப்பில் நான் அப்படித்தான் கரையேறினேன். இரண்டாம் பகுதியில் தத்துவ விவாதங்கள் நீளும். அங்கே அவசரப்படாதீர்கள்.

பெரிய நாவலுக்கு நேரம் இல்லை அண்ணே. சின்னதாக, காசு செலவில்லாமல்? (பேட்டை, தனியார் நிறுவன ஊழியர்)

புதுமைப்பித்தன். அவர் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, தமிழ் நூல்களை மின்னூலாக்கித் தரும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், பஸ்ஸில் போனிலேயே படிக்கலாம். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வந்து வழி கேட்கிறார். கூட்டிப்போகிறவர் அவரையும் தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஆக்கிவிடுகிறார். அப்புறம் 'சாப விமோசனம்'. ராமன் சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். அன்று ராத்திரி தூக்கம் வராது. அவருடைய 'கபாடபுரம்' கதையைத் தேடும்போது மட்டும் கவனம். நா.பார்த்தசாரதிக்கும் அதே பெயரில் ஒரு சரித்திர நாவல் உண்டு.

என் மகனுக்கு 15 வயது. ஹாரி பாட்டரை ஆங்கிலத்தில் முடித்துவிட்டான். தமிழில் எதையும் தொட மாட்டேன் என்கிறான். (வள்ளியூர் தாயார்)

ஹாரி பாட்டர் தமிழிலும் வந்திருக்கிறது. தெரிந்த கதை என்பதால் மொழி அவனைத் தடுக்காது, அதில் ஒரு பாகத்தைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்து 'பனிமனிதன்', ஜெயமோகன் சிறுவர்களுக்கு எழுதியது. படி படி என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா. சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள்.

பொன்னியின் செல்வன் இந்த வகையில் வருமா? (பெயர் இல்லாத சீட்டு)

வராது. அது சரித்திர நாவல்.

அப்பாவுக்கு 74. கண் பார்வை மங்கல். பழைய ராஜா, மந்திரவாதி கதைகள் என்றால் உயிர். என்ன வாங்கலாம்? (அம்பாசமுத்திரம் வாசகர்)

'பெரிய எழுத்து' என்று போட்டே விக்கிரமாதித்தன் கதை அச்சாகி வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் வீட்டில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட புத்தகம் அது. எழுத்து தடியாக இருக்கும், தாள்தான் சுமார். பழைய புத்தகக் கடைகளில் கேளுங்கள். 'மதனகாமராஜன் கதை'யும் அதே பாணி. கிடைக்காவிட்டால், மின்னூலாக இறக்கி ஒரு டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். தினமும் அரைமணி நேரம் நீங்களே படித்துக் காட்டினால் இன்னும் நல்லது. காடாறு மாதம், நாடாறு மாதம் என்று நீங்கள் தொடங்கினாலே மிச்சத்தை அவர் சொல்லக்கூடும்.

வெளிநாட்டு மாய நாவல் தமிழில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (சங்கரன்கோவில் வாசகி)

மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்'. கொடியில் காயப்போட்ட துணிகளை மடிக்கும் நேரத்தில் ஒரு பெண் விரிப்புகளோடு வானத்துக்குப் போய்விடுகிறாள். தன் பாட்டி முகம் மாறாமல் கதை சொன்ன விதத்திலிருந்தே அந்த நடையைப் பிடித்ததாக மார்க்வெஸ் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆச்சியும் அப்படித்தான் சொல்வாள். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, தலை நிமிராமல்.

எல்லாரும் வெளியூர் மாயத்தையே சொல்கிறீர்கள். நம் திருநெல்வேலி மண்ணில் நடக்கும் மாயக்கதை உண்டா? நாவல் எழுத ஆசை. (கல்லூரி மாணவி)

இந்தச் சீட்டைக் கடைசிக்கு வைத்ததே ஆசையாக எழுதத்தான் தாயி.

பாபநாசத்துக்குப் போகும்போது நீலமாகத் தெரிகிறதே பொதிகை, மணிமேகலையில் ஒரு கதை அங்கேதான் நடக்கிறது. காயசண்டிகை என்கிற வித்தியாதரப் பெண், அதாவது வானில் பறக்கத் தெரிந்த தேவ இனத்தவள், புருஷனோடு வான்வழியாக வந்து மலையில் இறங்குகிறாள். ஆற்றங்கரையில் ஒரு தேக்கிலை, அதன்மேல் ஒரே ஒரு நாவற்பழம். பழம் எவ்வளவு பெரியது? பனம்பழம் அளவு கருத்துப் பெருத்தது என்கிறார் சாத்தனார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒன்றுதான் பழுக்கும், ஒரு முனிவருக்கு அதுதான் சாப்பாடு. குளிக்கப் போனவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவள் தெரியாமல் மிதித்துச் சிதைத்துவிடுகிறாள். அடுத்த பழம் பழுக்கும் வரை யானைத்தீ என்னும் அடங்காப் பசியோடு அலை என்று சாபம். எவ்வளவு தின்றாலும் தீராத பசி, அந்த வேதனையில் பறக்கும் மந்திரமும் மறந்துபோகிறது. கடைசியில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து அள்ளிப் போடும் சோற்றில்தான் அந்தத் தீ அணைகிறது. பனங்காட்டு ஊரில் பிறந்தவளுக்கு அந்தப் பழத்தின் அளவை யாரும் விளக்க வேண்டியதில்லை. உன் நாவலுக்கு இது ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து வில்லுப்பாட்டு. ஊர்க் கோயில் கொடை விழாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேள், பாதியில் எழுந்து வராதே. கயிலாயத்து விளக்கின் சுடரிலிருந்து பிறந்த சுடலைமாடன், கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் இசக்கி என்று நம் ஊர்ச் சாமிகளின் கதைதான் பாட்டாக வரும். பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது குடத்தின் அடி தணியும், பின்பாட்டுக்காரர் 'ஆமா' என்பதையும் மெதுவாகச் சொல்வார். மாயம் எப்போது வர வேண்டும், எவ்வளவு சத்தமாக வர வேண்டும் என்பதை அங்கே நேரில் படிக்கலாம்.

படிக்கக் கிடைப்பவை: நாங்குநேரிக்காரரான நா.வானமாமலை பதிப்பித்த 'முத்துப்பட்டன் கதை'. தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை இருக்கிறது, அங்கே போய்க் கேள். மணிமேகலைக்கு உ.வே.சா. 1898-இல் பதிப்பு கொண்டுவந்தார், கதைச் சுருக்கத்தை உரைநடையிலும் எழுதியிருக்கிறார். முதலில் அந்தச் சுருக்கம், பிறகு காயசண்டிகை வரும் காதை மட்டும் மூலத்தில். சொல் புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வா, சேர்ந்து படிக்கலாம்.