வீட்டை விட்டுப் போனவர்கள் யார்? வன்னித் தேர்தல் குறித்த கேள்வி பதில்

இலங்கையின் 2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் இரண்டைத் தேசிய மக்கள் சக்தி (சின்னம் திசைகாட்டி) எடுத்தது; முதலிடமும் அதற்கே. தமிழரசுக் கட்சிக்கு (சின்னம் வீடு) ஒன்று. அது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் எந்தக் கட்சிக்காரனும் அல்லன். வன்னியில் அடங்கும் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றிலும் வாக்களிப்பு நிலையங்களிலும் வாக்கெண்ணும் மண்டபங்களிலும் கடமை செய்து ஓய்வு பெற்றவன்.

நெடுங்கேணியிலிருந்து: தமிழர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டத்தில் திசைகாட்டி எப்படி ஐயா முதலிடம் வந்தது?

முதலிடம் என்ற சொல்லைக் கேட்டு மலைக்க வேண்டாம். திசைகாட்டிக்கு 39,894 வாக்குகள், அதாவது 20.37 சதவீதம். ஐந்து பேரில் ஒருவர்தான் போட்டார். ஐக்கிய மக்கள் சக்தி 32,232, வீடு 29,711, சங்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி) 21,102, இலங்கைத் தொழிலாளர் கட்சி 17,710. எல்லாரும் குள்ளமாகிவிட்ட இடத்தில் சற்றே உயரமானவர் முன்னால் தெரிந்தார்.

அந்த 39,894 பேரும் தமிழர் அல்லர். வவுனியா தெற்கிலும் வெலிஓயாவிலும் சிங்கள வாக்காளர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் இதே மாவட்டத்தில் திசைகாட்டியின் அநுர குமாரவுக்குக் கிடைத்தது 21,412. ஐம்பத்து நான்கு நாட்களில் அது ஏறக்குறைய இரட்டிப்பானது. அந்த இடைவெளியில் வெலிஓயாவில் யாரும் புதிதாகப் பிறந்து வாக்குரிமை பெறவில்லை.

சரிவும் ஒரே நாளில் வந்ததல்ல. தமிழரசும் பின்னர் சங்குக்குப் போனவர்களும் சேர்ந்திருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, வீட்டுச் சின்னத்தில் 2015இல் 89,886 வாக்குகளும் நான்கு ஆசனங்களும் பெற்றது. 2020இல் 69,916, மூன்று ஆசனங்கள். அன்றைக்கே மணி அடித்தது. கேட்டவர்கள் குறைவு.

செட்டிகுளத்திலிருந்து: வீடும் சங்கும் சேர்ந்து கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எனக்குப் பிடித்த கேள்வி. பென்சிலை எடுங்கள்.

ஆறு ஆசனங்களில் ஒன்று போனஸ். முதலிடக் கட்சிக்குப் போகும். மீதி ஐந்து. ஐந்து சதவீத வெட்டுப்புள்ளியைத் தாண்டிய ஐந்து பட்டியல்களின் வாக்குகளைக் கூட்டினால் 140,649. அதை ஐந்தால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறத்தாழ 28,130. திசைகாட்டி, ஐக்கிய மக்கள் சக்தி, வீடு ஆகியவை அந்த விலையைக் கொடுத்து ஆளுக்கு ஒன்று வாங்கின. மிஞ்சிய இரண்டும் பெரிய மீதி வைத்திருந்த சங்குக்கும் தொழிலாளர் கட்சிக்கும் போயின. போனஸோடு திசைகாட்டிக்கு இரண்டு.

இப்போது வீட்டையும் சங்கையும் கூட்டுங்கள்: 50,813. போனஸ் கை மாறுகிறது. முழு விலையில் ஒன்று, மீதி 22,683க்கு இன்னொன்று, போனஸோடு ஆக மூன்று. திசைகாட்டிக்கு ஒன்று. வகுத்தல் கணக்கு தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைச் செய்துவிடும். 2023 ஜனவரியில் கூட்டமைப்பு உடைந்தபோது மேசையில் இருந்தவர்கள் செய்ததாகத் தெரியவில்லை. சேர்ந்து நின்றால் வாக்குகள் அப்படியே கூடிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் சிலர் சங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்புவார்கள், மறுபக்கமும் அப்படித்தான்.

மாங்குளத்திலிருந்து: தமிழ் மக்கள் உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டார்கள் என்று தெற்கில் சொல்கிறார்களே?

தம்பி, 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி வவுனியாவில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். இராணுவம் பிடித்த கேப்பாப்புலவு நிலத்தையும் விகாரைத் தகராறு எழுந்த குருந்தூர்மலையையும் மறந்து யாரும் புள்ளடி போடவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் திசைகாட்டிக்குப் போட்டார். கணவர் இல்லை, நுண்கடன் நிறுவனத்தார் வாரந்தோறும் படலையில் வந்து நிற்பார்கள். "காணி கேட்டவர்களுக்கு இருபது வருடம் போட்டேன். காணி வரவில்லை. கடன் பற்றிப் பேசுகிறவனுக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்" என்றார். இதில் கோரிக்கை எங்கே கைவிடப்பட்டது? கேட்கப் போன ஆளைத்தான் மாற்றியிருக்கிறார். அதே பெண்ணுக்குக் காணியும் வேண்டும்.

கிளிநொச்சி, பாரதிபுரத்திலிருந்து: மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் நாங்கள். எங்களை எந்தக் கட்சி கணக்கில் எடுத்தது?

வாக்கு கேட்கும்போது எல்லாக் கட்சியும். வேட்பாளர் பட்டியல் எழுதும்போது மிகச் சிலரே. 1977, 1983 இனக்கலவரங்களுக்குப் பிறகு அடிபட்டு வந்தவர்கள் காடு வெட்டிக் கழனியாக்கினார்கள். போரில் பிள்ளைகளையும் கொடுத்தார்கள். இன்னும் சிலர் பேச்சில் "வந்த ஆட்கள்" அவர்கள். இந்த மனத்தாங்கல் மேடையில் பேசப்படுவதில்லை, பெட்டிக்குள் போய் விழுகிறது. உங்கள் ஊர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சேர்வதால் வன்னிக் கணக்கில் வராது. அங்கே திசைகாட்டி 80,830 வாக்குகளோடு மூன்று ஆசனங்களும் தமிழரசு 63,327 வாக்குகளோடு ஒன்றும் பெற்றன.

மன்னாரிலிருந்து: முஸ்லிம் வாக்குகளும் மாறினவா?

கொஞ்சம். ஆனால் ரிஷாட் பதியுதீனும் காதர் மஸ்தானும் இரண்டு வெவ்வேறு பட்டியல்களில் வென்றார்கள். 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, திரும்பி வந்தும் காணிக்கும் பதிவுக்கும் அலைந்த சமூகம் அலுவலகக் கதவைத் திறக்கக்கூடிய ஆளைத் தேடும். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வவுனியாவிலிருந்து: தோல்விக்குப் பிறகு தமிழரசுக் கட்சி என்ன பாடம் படித்தது?

படித்ததைவிடப் பேசியது அதிகம். தேர்தலுக்கு முன்பே கட்சி நீதிமன்றத்தில் நின்றது. 2024 ஜனவரியில் சிறீதரன் தலைவராகத் தெரிவானார், வழக்கு வந்தது, பதவியேற்க முடியவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் கட்சி ஐக்கிய மக்கள் சக்தியின் சஜித்தை ஆதரிக்க, சிறீதரன் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனோடு நின்றார். வாக்காளர் யாருடைய பேச்சைக் கேட்பது?

தோற்ற பிறகு தேசியப் பட்டியலில் கிடைத்த ஒரே ஆசனம் வன்னியில் தோற்ற சத்தியலிங்கத்துக்குப் போனது. வன்னிக்கு இன்னொரு குரல் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. மக்கள் வேண்டாம் என்றவரையா என்ற முணுமுணுப்பிலும் நியாயம் உண்டு. யாழ்ப்பாணத்தில் தோற்ற சுமந்திரன் அந்த ஆசனத்தை ஏற்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மாதக்கணக்கில் கூட்டங்கள்: தலைவர் யார், யார் மீது ஒழுக்காற்று நடவடிக்கை. எந்தக் கிராமத்தில் ஏன் வாக்கு குறைந்தது என்று கேட்டு என் தெருவுக்கு ஒருவரும் வரவில்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து: 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் வீடு மீண்டுவிட்டதே?

மீண்டது. வடக்கில் திசைகாட்டி சறுக்கியது. ஆனால் நடுவில் மார்ச் 28ஆம் தேதி வந்த வர்த்தமானியை மறக்காதீர்கள். வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றது அது. முல்லைத்தீவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் அதில் அடங்கியது. காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்த மக்களிடம் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும்? அந்த வர்த்தமானி பின்னர் திரும்பப் பெறப்பட்டது, ஆனால் மே 6 அதற்கு முன்பே வந்துவிட்டது. திரும்பி வந்த வாக்கில் பாதி கொழும்பு அனுப்பி வைத்தது என்பது என் கணிப்பு.

முள்ளியவளையிலிருந்து: என் மைத்துனர் சுயேச்சைக் குழுவில் கேட்டார். அவருக்குப் போட்ட வாக்கு வீணா?

ஆசனக் கணக்கில் வீண்தான். செல்லுபடியான வாக்கில் ஐந்து சதவீதம், அதாவது சுமார் 9,800 எடுக்காத பட்டியல் வகுப்பதற்கு முன்பே கழிந்துவிடும். வன்னியில் அப்படிக் கழிந்தவை 55,000க்கு மேல். முதலிடக் கட்சியைவிடப் பெரிய கட்சி அது! ஒன்பது வேட்பாளருக்குத் தலா 2,000 ரூபாய் கட்டுப்பணமாகக் கட்டிய 18,000 ரூபாயையும் மைத்துனர் மறந்துவிடலாம். அடுத்த முறை அவர் கேட்பதென்றால் பிரதேச சபைக்குக் கேட்கச் சொல்லுங்கள். வட்டாரத்தில் நாலு தெருக்காரர் நினைத்தால் ஓர் ஆளை அனுப்பலாம்.