முயலுக்கு புதர் வளர்க்கணுமா? முதல்ல முயலை வெளிய வைங்க

கேள்வி: அக்கா, ஒட்டன்சத்திரம் பக்கம் எங்க தோட்டத்துல 10 சென்ட்டுக்கு கம்பிவேலி போட்டு சோவியத் சின்சில்லா முயல் அஞ்சு விட்டிருக்கேன், நாலு பெட்டை ஒரு கிடா. கூண்டுல அடைக்க மனசு வரல. ஆனா உள்ள இருந்த புல்லு எல்லாம் ரெண்டே மாசத்துல மொட்டை ஆயிடுச்சு, செடி நட்டா மறுநாள் காலைல குச்சிதான் நிக்குது, முயல்ங்க வேலியோரம் ஒண்டிக்கிட்டு பயந்தே கிடக்குதுங்க. அடர்த்தியா புதர் மாதிரி வளர்க்க என்ன நடலாம்?

பதில்: தம்பி, என்ன நடலாம்னு கேக்குறதுக்கு முன்னாடி எப்ப முயலை உள்ள விடலாம்னு யோசிங்க, அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறோம். வேர் பிடிக்காத செடியோட குருத்தை முயல் கடிச்சா அது திரும்ப எழுந்திரிக்காது. அதனால இடத்தை குறுக்க ஒரு வலை கட்டி ரெண்டாப் பிரிங்க, முயல் ஒரு பக்கம் இருக்கட்டும், இன்னொரு பக்கம் புரட்டாசி மழைக்கு நட்டுட்டு தை மாசம் வரைக்கும் வாயே படாம வைங்க. அப்புறம் மாத்திக்கலாம். மாத்தி மாத்தி விட்டா ரெண்டு பக்கமும் தழையும்.

நடுறதுல முதுகெலும்பு மாதிரி வெட்டிவேர், அரை அடிக்கு ஒரு தூர்னு வளைஞ்சு வளைஞ்சு ரெண்டு மூணு வரிசை வைங்க. முத்தின தோகையை முயல் அவ்வளவா சீண்டாது, தூர் பெருத்துட்டா உள்ள ஒளிய நல்லா இருக்கும். இடைல கொழுக்கட்டைப் புல் ஒன்றரை அடிக்கு ஒண்ணு, உங்க பக்கத்து வறட்சிக்கு அது தாங்கும், கடிச்சாலும் அடியில இருந்து தூர் கட்டும். தரையை மூட முயல் மசால்னு ஒரு தீவனச் செடி, பேரே அதுக்குன்னு வச்ச மாதிரி இருக்கு பாருங்க. அதோட விதை தோல் கெட்டி, 80 டிகிரி சூட்டுல இருக்கிற தண்ணில நாலு நிமிஷம் போட்டு எடுத்து ராத்திரி பச்சத்தண்ணில ஊற வச்சு விதைச்சாதான் ஒழுங்கா முளைக்கும்.

இதெல்லாம் வளர்ற வரைக்கும் அதுங்க எங்க ஒளியும்? அதுக்கு காஞ்ச மிலாறு. வேம்பு, மா கழிச்ச கிளைங்களை தடிச்சது அடியில மெலிசு மேலன்னு இடுப்பு உயரம் குவிங்க, அடியில ஒரு சாண் அகலத்துக்கு ரெண்டு வாசல் விடுங்க, ஒரு பக்கம் நாய் வந்தா மறுபக்கம் ஓடணும்ல. சீமைக்கருவேல முள்ளு வேண்டாம், கண்ணுல குத்திடும். குவியல் ஓரத்துல சங்குபுஷ்பம் விதையை ஊனி, ஒரு முழம் ஏறுற வரைக்கும் சுத்தி சின்ன வலை வைங்க, அது தீவனக் கொடிதான், கடிச்சாலும் கெடுதல் இல்ல, மேல படர்ந்துட்டா காஞ்ச குவியலே பச்சைப் புதர் ஆயிடும். நான் என் தோட்டத்துல முதல் வருஷம் செடியை மட்டும் நம்பி மிலாறு போடாம விட்டேன், பங்குனி வெயில்ல ஒரு சினை முயல் மூச்சு வாங்கி வாங்கி செத்துப் போச்சு, இன்னைக்கும் நெனச்சா வயிறு கலங்குது. முயலுக்கு வேர்க்காது தம்பி, சூட்டை காது வழியாத்தான் வெளிய தள்ளும், 32 டிகிரிக்கு மேல போனா திணறிடும். பழைய மண்பானையை படுக்க வச்சு பாதி புதைச்சு விட்டா அதுலயும் போய் படுத்துக்கும்.

வேலியை ஒட்டி மூணு அடி மட்டும் சுத்தமா வெட்டி வைங்க, ஏன்னா புதர்னா பாம்பும் வரும், சாரை குட்டியை முழுங்கும், கண்ணாடி விரியன் உங்களுக்கே ஆபத்து. வலையோட அடியை ஒரு அடி உள்பக்கமா மடிச்சு புதைங்க, இல்லன்னா வளை தோண்டி வெளிய போயிடும். முக்கியமா, புதரை தீனியா கணக்கு பண்ணாதீங்க. வேலிமசால், அகத்தி, மல்பெரின்னு வெளிய இருந்து அறுத்துப் போட்டு வைக்கோலும் வச்சாதான் உள்ள இருக்கிறது நிக்கும்.

கேள்வி: வேலியோரம் உன்னிச்செடியும் சுபாபுல்லும் தானா வளர்ந்திருக்கு, விடலாமா?

பதில்: உன்னியை வேரோட புடுங்குங்க, அது ஈரலைக் கெடுக்கும். அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, நெய்வேலிக் காட்டாமணக்கு எதுவும் உள்ள இருக்கக் கூடாது. சுபாபுல்ல மைமோசின்னு ஒண்ணு இருக்கு, அதிகமா தின்னா முடி கொட்டும், அதனால நிழலுக்கு ஒரு மரம் வைங்க, தழையை எப்பவாவது ஒரு கை போடுங்க.

கேள்வி: களை எடுக்கும்போது காட்டு முயல் குட்டி ஒண்ணு கிடைச்சது, இதுங்களோட விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. அது வேற இனம், வளை தோண்டாது, கண்ணு திறந்து முடியோடதான் பொறக்கும், தாய் அதை புல்லுக்குள்ள விட்டுட்டு இருட்டின பிறகு வந்து பால் குடுத்துட்டுப் போகும். தாய் விட்டுட்டுப் போயிடுச்சுன்னு நெனச்சு நாமதான் தூக்கிட்டு வந்துடறோம். பிடிச்சு வளர்க்கிறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் கூட. எடுத்த இடத்துலயே இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கொண்டு போய் வைங்க, அந்தப் பாத்தியில மட்டும் நாலு நாள் களை எடுக்காதீங்க, நாயைக் கட்டி வைங்க.