சந்தன மரத்தைத் தனியாக நட்டால் ஏன் காய்ந்துபோகிறது?

தண்ணீர் ஊற்றியும் சந்தனக் கன்று ஓரிரு வருடத்தில் மஞ்சளாகிக் காய்கிறது, மண் சரியில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். மண்ணை விடுங்க, அதற்குத் துணைச்செடி இருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தனம் அரை ஒட்டுண்ணி. இலையில் தானே உணவு சமைக்கும், ஆனால் தண்ணீருக்கும் தாதுச் சத்துகளுக்கும் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டி உறிஞ்சும். அதனால்தான் நர்சரிப் பையிலேயே பொன்னாங்கண்ணி வைக்கிறார்கள், வயலில் நட்டதும் கூடவே துவரை, அப்புறம் நீண்ட காலத்துக்குச் சவுக்கு மாதிரி ஒரு மரம். துணைச்செடியைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள், தயவுசெய்து!

இன்னொன்று, வாசனை மரம் முழுக்க இருக்காது. வெளிப்பக்க வெள்ளைக் கட்டையில் மணமே கிடையாது. எண்ணெய் எல்லாம் வைரம் என்கிற நடுவில் உள்ள முற்றிய கட்டையிலும் வேரிலும்தான், வேரில் இன்னும் அதிகம், அதனால் அறுக்காமல் வேரோடு தோண்டி எடுப்பார்கள். வைரம் நன்றாகத் திரள இருபது முப்பது வருடம்கூட ஆகலாம், பத்தே வருடத்தில் கோடி என்று கன்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். பட்டா நிலத்து மரம் உங்களுக்கே சொந்தம், ஆனால் வெட்டவும் விற்கவும் வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும்.